வாழைப்பழத்தை எழுதியவர் யார்?

2019 மே 29, 30 தேதிகளில் ட்விட்டர் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். மோடி இரண்டாவது முறையாகப் பிரதமர் பதவியேற்கிற நேரம். நாடே அதைத்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் டிரெண்டிங்கில் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது நேசமணி. யார் இந்த நேசமணி, அவருக்கு என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் பிரார்த்தனை பண்ணச் சொல்கிறார்கள் என்று புரியாமல் மற்ற மாநிலத்துக்காரர்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். வெளிநாட்டு சிவில் இன்ஜினியரிங் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டது. நம்மாள் ஒருவர் போய்ப் பெயரைச் சொன்னார். சொன்னவர் அதோடு நிற்கவில்லை. பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை ஜமீன் மாளிகையில் இதனால்தான் உடைந்தது, பாவம் என்றும் சேர்த்துவிட்டார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரித்தார். அவ்வளவுதான். மருத்துவமனை அறிக்கை, பிரார்த்தனைக் கூட்டம், சதி விசாரணை என்று இரண்டு நாள் ஓடியது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ‘ஃப்ரண்ட்ஸ்’ படம் வந்தது 2001 பொங்கலுக்கு. 2019இல் அந்தக் கூத்தை நடத்தியவர்களில் பெரும்பகுதி கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாக வேலைக்குப் போனவர்களும். படம் வந்தபோது அவர்கள் தவழ்ந்திருப்பார்கள், அல்லது ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பார்கள். தியேட்டரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நேசமணியின் ஒவ்வொரு வசனமும், ஏன், அந்தச் சுத்தியல் விழுகிற கணம் வரைக்கும் மனப்பாடம். இது எப்படி நடந்தது? இணையம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் தமிழில் இந்தக் கதை யூடியூப் வருவதற்கு எழுபது வருஷம் முன்பே தொடங்கிவிட்டது.

*

யூடியூபில் முதல் வீடியோ ஏறியது 2005 ஏப்ரல் 23இல். மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஒருவர் பேசும் சில நொடித் துண்டு. ‘கிளிப்’ என்கிற வடிவம் அங்கிருந்து உலகம் பூராவும் பரவியதாகச் சொல்வார்கள். தமிழ் சினிமா மட்டும் தன் நகைச்சுவையை ஆரம்பத்திலிருந்தே துண்டாகத்தான் தயாரித்துவந்தது.

என்.எஸ்.கிருஷ்ணன் 1936இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு முதல் படமும் அதுதான். நாடக மேடையிலிருந்து வந்த கலைவாணர், தன் காட்சிகளைத் தானே யோசித்து உருவாக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். பின்னால் டி.ஏ.மதுரத்தோடு ஜோடி சேர்ந்து, தனக்கென்று ஒரு குழுவை வைத்துக்கொண்டு, நகைச்சுவைப் பகுதியை மொத்தமாகப் பொறுப்பேற்றுச் செய்துகொடுத்தார். கதாநாயகன் அழுதுகொண்டிருக்கும் படத்துக்குள் கலைவாணரின் படம் இன்னொன்றாக ஓடும். அந்தக் காலத்தில் முழுநீளப் படத்தோடு தனித் தலைப்புள்ள சிறு நகைச்சுவைப் படங்களைச் சேர்த்துக் காட்டும் வழக்கமும் இருந்தது.

இதைத்தான் கோடம்பாக்கம் பிற்பாடு ‘காமெடி டிராக்’ என்றது. இயக்குநர் ஒருவர், டிராக் எழுதுகிறவர் இன்னொருவர். நகைச்சுவை நடிகரின் கால்ஷீட்டைத் தனியாக வாங்கி, சில நாளில் எல்லாக் காட்சியையும் எடுத்து, படத்தின் இடையிடையே செருகிவிடுவார்கள். படம் முடிந்து போட்டுப் பார்க்கும்போது தொய்வாகத் தெரிந்தால் அப்புறமாக ஒரு டிராக் எடுத்து ஒட்டியதும் உண்டு. கதையோடு ஒட்டவில்லை என்று விமர்சகர்கள் காலம் காலமாகக் குறைப்பட்டார்கள். நியாயமான குறைதான். ஆனால் ஒட்டாத பொருளைப் பிய்த்தெடுப்பது சுலபம். நெட்டில் கத்தரிக்கோல் எடுத்தவர்களுக்கு, எங்கே வெட்டலாம் என்று தையல்காரரே கோடு போட்டுக் கொடுத்திருந்தார்.

*

முதலில் வெட்டப்பட்டது காதுக்காக. வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படத்தின் ஒலியைச் சுருக்கிப் போடுவார்கள். ஊரில் தியேட்டர் இல்லாதவர்கள்கூடப் படத்தைக் காதால் பார்த்தார்கள். கதை வசன இசைத்தட்டு வந்தது, பிறகு கேசட் வந்தது. 1984இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியதை வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எஸ்.வி.சேகர் நாடகங்கள் கேசட்டாகவே வீடுவீடாகப் போயின.

1965இல் வந்த ‘திருவிளையாடல்’ இதற்கெல்லாம் தாத்தா. ஏ.பி.நாகராஜன் எழுதி இயக்கி, நக்கீரராகவும் நடித்த படம். அதில் பரிசுக்கு ஆசைப்பட்டு மண்டபத்தில் தனியே புலம்பும் தருமியாக நாகேஷ் வரும் பகுதியைத் தனியாக எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோயில் திருவிழாவில் அது ஓடும்போது கூடவே வசனம் சொல்லும் பையன்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பார்த்த படத்தை நினைத்துச் சிரிப்பது வேறு. பார்க்காத படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிச் சிரிப்பது வேறு. ‘ஃப்ரண்ட்ஸ்’ பார்க்காமலே நேசமணியைத் தெரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு இந்தப் பையன்கள்தான் முன்னோர்.

*

இப்போது வாழைப்பழத்துக்கு வருவோம். கங்கை அமரன் இயக்கி 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’. இரண்டு பழத்துக்குக் காசு, கையில் ஒரு பழம், இன்னொன்று எங்கே என்ற கேள்வி. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த எவரிடமும் இதை விளக்க வேண்டியிருக்காது. கவுண்டமணி, செந்தில் என்று பெயரும் உடனே சொல்லிவிடுவோம்.

எழுதியவர் யார்?

ஏ.வீரப்பன். நடிகராக இருந்து நகைச்சுவை எழுத வந்தவர். 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் வந்த பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியும் அவர் எழுதியதுதான். எண்பதுகளில் கவுண்டமணி – செந்தில் ஜோடி நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவன் எல்லாம் தெரிந்தவன் மாதிரி அதட்டுகிறான், இன்னொருவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டு அவனைச் சாய்த்துவிடுகிறான், கேட்டவனுக்கு உதை விழுகிறது. இந்த அச்சை வீரப்பன் எத்தனையோ தடவை வார்த்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் காட்சிகள் போனில் ஓடாத நாள் இல்லை. வீரப்பன் பெயரை நம்மில் எத்தனை பேர் உச்சரித்திருக்கிறோம்?

இது மறதியால் மட்டும் நேரவில்லை. வெட்டுகிற வேலையிலேயே இது இருக்கிறது. எழுதியவர் பெயர் படத்தின் தொடக்கத்தில், டைட்டிலில் வரும். துண்டு எடுக்கும்போது முதலில் விழுவது டைட்டில்தான். முகம் தங்கிவிடும், கை போய்விடும். நேசமணிக்கும் இதே கதை. 1999இல் மலையாளத்தில் ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தை எழுதி இயக்கியவர் சித்திக். அங்கே ஜகதி ஸ்ரீகுமாரின் தலையில் விழுந்த சுத்தியல்தான் இரண்டு வருஷம் கழித்து இங்கே வடிவேலு தலையில் விழுந்தது. தமிழிலும் இயக்கியவர் சித்திக்கேதான். உலகமே பிரார்த்தனை செய்த இரண்டு நாளில் அவரை நினைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

*

சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் வந்தது. அதுவரை சென்னைத் தொலைக்காட்சிதான். 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய அது, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு ஒரு படம் என்று அளந்து ஊற்றியது. தனியார் சேனலுக்கு நாள் பூராவும் நேரத்தை நிரப்ப வேண்டியிருந்தது. வெட்டிய பாட்டும் வெட்டிய காமெடியும் கைகொடுத்தன. ‘காமெடி டைம்’ மாதிரியான நிகழ்ச்சியில் நேயர் போன் பண்ணி, தனக்குப் பிடித்த காட்சியைக் கேட்பார். போட்டுக் காட்டுவார்கள். நினைத்த துண்டை நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்ற ஆசைக்கு அது ஒத்திகை. 2009ஐ ஒட்டி ஆதித்யா, சிரிப்பொலி என்று காமெடிக்கே சேனல்கள் வந்தன. பள்ளிவிட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டு இந்தச் சேனல்கள் முன்னால் உட்கார்ந்தவர்கள்தான் 2019இல் நேசமணிக்காகப் பிரார்த்தித்தவர்கள். சொந்த வயதைவிடப் பழைய படங்களை அவர்கள் சோறு சாப்பிட்டபடியே மனப்பாடம் செய்தார்கள்.

இடையில் டூரிஸ்ட் வேனில் ஓடிய காமெடி சிடி, செல்போன் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் ஏற்றிக்கொண்ட மங்கலான வீடியோ, ப்ளூடூத்தில் பக்கத்து பெஞ்சுக்குப் போன துண்டு எல்லாம் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைக் கொட்டியபோது பகிர்வதற்கு நம்மிடம் சரக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது.

இதில் வினோதமானது வடிவேலுவின் கணக்கு. 2011 தேர்தலில் திமுகவுக்குப் பிரசாரம் செய்தபிறகு பல வருஷங்களுக்கு அவர் நடித்து வந்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மீம் உலகம் வளர்ந்ததும் சரியாக அந்த வருஷங்களில்தான். பட்ஜெட்டுக்கு ஒரு வடிவேலு, பரீட்சை முடிவுக்கு ஒரு வடிவேலு, காதல் தோல்விக்கு ஒரு வடிவேலு. திரையில் அவர் இல்லாத காலத்தில்தான் தமிழர்கள் அவரைத் தினமும் பார்த்தார்கள்.

*

‘90ஸ் கிட்ஸ்’ பதிவுகள் தெரியும்தானே? தேன் மிட்டாய், சக்திமான், கேசட்டைப் பென்சிலால் சுற்றுவது. அந்தப் பட்டியலில் இந்தக் காமெடித் துண்டுகளுக்கும் ஒரு இடம் உண்டு. ஒரு வித்தியாசம். தேன் மிட்டாயை நினைத்துப் பார்க்கத்தான் முடியும். துண்டை அப்படியே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நாம் நினைவுகூர்வது முதல் தடவை பார்த்ததையா, நூறாவது தடவை பார்த்ததையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பால்யம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பால்யத்தில் பார்த்தது என்பதாலேயே அதற்கு ஒரு மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது.

எதற்கு மன்னிப்பு? கறுப்பு நிறத்தை, சொட்டையை, பருத்த உடம்பை, திருமணமாகாத பெண்ணைக் கேலி செய்து எடுத்தவை அந்தத் துண்டுகளில் நிறைய. இன்று ஒருவர் புதிதாக எழுதினால் சண்டைக்குப் போவோம். அதே விஷயம் பழைய வீடியோவாக குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால் சிரிக்கிற பொம்மை போடுகிறோம். அதுவும் சின்ன வயசு ஞாபகம் என்கிறோம். அந்த நிறத்தையும் அந்த உடம்பையும் சுமந்துகொண்டு அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் சின்ன வயசு ஞாபகம் இருக்கும். அது நம்முடையது மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை.

வெட்டு நியாயத்தையும் மாற்றிவிடும். முழுப்படத்தில் நேசமணி பாவப்பட்டவர் இல்லை. வேலையாட்களை அதட்டி மிரட்டும் முதலாளி. மேலே நிற்கிற கூலிக்காரன் கையிலிருந்து சுத்தியல் நழுவி முதலாளி தலையில் விழும்போது தியேட்டர் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. துண்டில் அந்தக் காரணம் விழுந்துவிட்டது. அடிவாங்குகிற ஒரு மனிதன் மட்டும் மிச்சம்.

வடிவேலுவே இதற்கு இன்னொரு சாட்சி. ‘தேவர் மகன்’ (1992) படத்தில் அவர் இசக்கி. சாதிச் சண்டையில் கை வெட்டப்படுகிற எளிய மனிதன். நாம் பகிரும் வடிவேலுத் தொகுப்புகளில் இசக்கியைப் பார்த்த நினைவு இருக்கிறதா? முப்பது வருஷம் கழித்து மாரி செல்வராஜ், அந்த இசக்கி மாமன்னனாக ஆனால் என்ன என்ற கேள்வியிலிருந்து தன் படம் பிறந்ததாகச் சொன்னார். 2023இல் ‘மாமன்னன்’ வந்தது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் சாதியால் உட்காரச் சொல்லப்படாத மனிதனாக அதே முகம் நின்றது. அழுதது. சிரிக்கத் தயாராக வந்தவர்கள் தடுமாறிப்போனார்கள். அந்த முகத்தில் வலி புதிதாக வரவில்லை. அடிவாங்கி அழுகிற முகத்தைத்தானே இத்தனை வருஷமும் பார்த்துச் சிரித்தோம்?

அதே வருஷம் டிசம்பரில் போண்டா மணி காலமானார். வடிவேலு காமெடிகளில் கூட நின்று அடிவாங்கியவர். சிறுநீரகம் செயலிழந்து சிகிச்சைக்கு உதவி கேட்டிருந்தார். அவர் உதவி கேட்ட செய்தி வந்த அதே போனில், அவர் நடித்த துண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஓடும் ஒவ்வொரு தடவைக்கும் நடித்தவருக்கோ எழுதியவருக்கோ ஒரு பங்கு போய்ச்சேரும் பழக்கம் இங்கே வேரூன்றவே இல்லை.

சிரிப்பை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. நிறுத்தவும் முடியாது, வாழைப்பழம் வாழைப்பழம்தான். யூடியூபில் இந்தத் துண்டுகளுக்குக் கீழே ‘2025லயும் பாக்குறவங்க யாரு?’ என்று வருஷத்துக்கு வருஷம் யாராவது எழுதிவைக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது. அடுத்த தடவை அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்த்துவிடலாம்: எழுதியவர் ஏ.வீரப்பன்.