பூக்காரியும் பேராசிரியரும்: 'பிக்மேலியன்' நாடகமும் நம் நகரில் அதன் மறுபிறவிகளும்

மாதுங்கா ரயில் நிலையத்தை அடுத்த கடைத்தெருவில் விடியற்காலையில் நடப்போர், தாம் நிற்பது மராட்டிய மாநிலத்தின் தலைநகரிலா, மதுரையில் ஒரு கோயில் வாசலிலா என ஐயுறுவர். மல்லிகைச் சரமும் கதம்பமும் வாழையிலையும் அங்கே குவிந்து கிடக்கும். முழம்போட்டு விற்போரின் குரலில் நெல்லைத் தமிழ் ஒலிக்கும். பேரம் பேசுவோரின் குரலில் பாலக்காட்டுத் தமிழோ தஞ்சைத் தமிழோ ஒலிக்கும். இருவரும் தமிழரே. ஆயினும் ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில், அவர் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குலம் என்று மற்றவர் மனத்துள் கணக்கிட்டு விடுகிறார்.

இந்தக் கணக்கையே கருவாக்கி, ஒரு பூக்காரியைத் தலைவியாக்கி எழுதப்பட்ட ஆங்கில நாடகம் ஒன்று உண்டு. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' அது. அந்நாடகம் நம் நகரிலேயே மராத்தியிலும் குஜராத்தியிலும் மறுபிறவி எடுத்துப் பெரும்புகழ் பெற்றது. அதன் வரலாற்றையும், அது தமிழர்க்கு விடுக்கும் வினாவையும் இக்கட்டுரையில் காண்போம்.

நடையுடை நகைச்சுவை நாடகம்

மேட்டுக்குடியினரின் நடை, உடை, பேச்சு, பாசாங்கு ஆகியவற்றை எள்ளி நகையாடும் நாடக வகை ஆங்கிலத்தில் நெடுங்காலம் வேரூன்றியது. காங்ரீவ் 1700-இல் அதனை உயர்நிலைக்குக் கொணர்ந்தார். கோல்ட்ஸ்மித் 1773-இலும் ஷெரிடன் 1777-இலும் அதற்குப் புத்துயிர் ஊட்டினர். ஆஸ்கார் வைல்ட் 1895-இல் அதன் நகைச்சுவையை வைரம்போல் பட்டை தீட்டினார். ஷெரிடனும் கோல்ட்ஸ்மித்தும் வைல்டும் ஷாவும் அயர்லாந்தினர் என்பது கருதத்தக்கது. ஆங்கிலேயரின் பேச்சு அவர்க்கு வீட்டுப் பேச்சாகவும் அயலார் பேச்சாகவும் ஒருங்கே இருந்தது. அயலாரின் செவிக்கே அதன் போலித்தனம் முதலில் கேட்டது போலும்.

நம் தமிழகத்திலும் இவ்வகைச் சுவை புதிதன்று. 1867-இல் வெளிவந்த காசி விசுவநாத முதலியாரின் 'டம்பாச்சாரி விலாசம்' செல்வச் செருக்கால் சீரழிந்தவனின் கதையை மேடைக்குக் கொணர்ந்தது. 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை ஆக்கினார். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மாக்பெத்தை 'மகபதி' என்றும் பெயரின் ஓசை கெடாமலேயே தமிழராக்கியவர் அவர். அவருடைய 'சபாபதி', செல்வந்தனும் வேலைக்காரனும் ஒரே பெயர் தாங்கி நிற்க, எசமானனின் அறிவும் ஏவலாளனின் அறிவும் ஒரே தரம் என நகைக்க வைத்தது. 1941-இல் அது திரைப்படமாகவும் வந்து, டி.ஆர். இராமச்சந்திரனையும் காளி என். ரத்தினத்தையும் மக்கள் மனத்தில் நிறுத்தியது. ஆகவே தழுவும் கலையில் நாம் எவர்க்கும் பின்னிட்டவர் அல்லர்.

சிலையும் சிற்பியும்

'பிக்மேலியன்' என்னும் பெயர் உரோமப் புலவர் ஓவிட் பாடிய பழங்கதையிலிருந்து வந்தது. தான் செதுக்கிய சிலையின்மீதே காதல் கொண்ட சிற்பியின் கதை அது. தெய்வ அருளால் சிலை பெண்ணாகிறது. சிற்பி அவளை மணக்கிறான். ஷா இதனைத் தலைகீழாக்கினார். அவர் நாடகத்தில் சிற்பி ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ். சிலை, இலண்டன் தெருவில் பூ விற்கும் எலைசா டூலிட்டில். ஹிக்கின்ஸின் நண்பராக வரும் கர்னல் பிக்கரிங், இந்தியாவிலிருந்து வந்த வடமொழி ஆய்வாளர் என்பது நமக்குச் சுவை தரும் செய்தி.

ஆறு திங்களில் இப்பூக்காரியைக் கோமகளென நம்பவைக்க முடியும் என்று பேராசிரியர் பந்தயம் கட்டுகிறார். எலைசாவின் வேட்கையோ எளியது. தெருமுனையில் விற்பதை விடுத்து ஒரு பூக்கடையில் வேலை பெற வேண்டும். அதற்குத் திருந்திய பேச்சு வேண்டும். பயிற்சி தொடங்குகிறது. இடைக்காலத்தில் ஒரு விருந்தினர் கூட்டத்துக்கு அவளை அழைத்துச் செல்கின்றனர். அங்கே அவள் மாசற்ற உச்சரிப்பில், தன் அத்தை கொல்லப்பட்டிருப்பாள் என்று ஐயுற்ற கதையை எடுத்துரைக்கிறாள். ஒலி உயர்குடியினது, பொருள் சேரியினது. இவ்வொரு காட்சியே நாடகத்தின் உயிர்நிலை எனலாம். பேச்சின் ஒலியை மாற்றலாம். அப்பேச்சு பிறந்த வாழ்வை அத்துணை எளிதில் மாற்ற இயலாது.

இறுதியில் பந்தயம் வெல்கிறது. ஆடவர் இருவரும் வேலை முடிந்ததெனக் களைப்பாறுகின்றனர். வென்று தந்தவளை வியக்க ஒருவரும் இல்லை. இனி தன் கதி யாது என அவள் கேட்கிறாள். பழைய தெருவுக்குத் திரும்ப இயலாது. புதிய உலகில் அவளுக்கு வேலையும் இல்லை, வேரும் இல்லை. பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் உள்ள வேற்றுமை அவர்கள் நடந்துகொள்ளும் முறையில் இல்லை, பிறர் அவர்களை நடத்தும் முறையிலேயே உள்ளது என்று அவள் உணர்ந்து கூறுமிடம், நகைச்சுவையைக் கடந்து அறத்தின் எல்லையைத் தொடுகிறது.

இந்நாடகம் முதலில் அரங்கேறியது இலண்டனில் அன்று. 1913 அக்டோபர் 16-இல் வியன்னா நகரில், ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே மேடை கண்டது. ஆங்கில உச்சரிப்பையே பொருளாகக் கொண்ட நாடகம் வேற்றுமொழியில் முதலில் ஒலித்தது வியப்பே! 1914 ஏப்ரல் 11-இல் இலண்டன் அதனைக் கண்டது. திருமதி பாட்ரிக் காம்ப்பெல் எலைசாவாகவும் பீர்போம் ட்ரீ ஹிக்கின்ஸாகவும் நடித்தனர். இருவரும் காதலராவர் என்று தோன்றும்படி ட்ரீ இறுதியில் பூங்கொத்து வீசியது ஷாவுக்குச் சினம் மூட்டியது. எலைசா ஹிக்கின்ஸை மணக்கவில்லை என்பதை விளக்க, 1916-இல் நூலின் முடிவில் நீண்ட உரைநடைப் பகுதியொன்றைச் சேர்த்தார்.

ஆயினும் உலகம் ஷாவின் சொல்லைக் கேட்கவில்லை. 1938-ஆம் ஆண்டுத் திரைப்படமும், 1956-இல் பிராட்வேயில் தோன்றி 2,717 முறை நடைபெற்ற 'மை ஃபேர் லேடி' இசை நாடகமும், 1964-இல் வந்த அதன் திரைவடிவமும் அவளைச் சிற்பியின் இல்லத்துக்கே திருப்பி அனுப்பின. சிலை சிற்பியை விட்டு நடந்து சென்றது என்ற முடிவைத் தாங்க மக்கள் மனம் ஒப்பவில்லை.

அரபிக் கடலோரத்தில் எலைசா

நம் நகருக்கும் ஆங்கில நாடகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1776-இலேயே பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஆங்கிலேயர்க்கென நாடக அரங்கு இருந்தது. 1846-இல் ஜகந்நாத் சங்கர்சேட்டின் ஆதரவால் கிராண்ட் ரோடில் புதிய அரங்கு எழுந்தது. பின்னர் பார்சிகளும் மராட்டியரும் குஜராத்தியரும் அங்கே தத்தம் மொழியில் நடிக்கலாயினர். இம்மரபின் வளமான கனிகளே 1970-களில் தோன்றிய இரண்டு எலைசாக்கள்.

குஜராத்தியில் மது ராய் எழுதி, பிரவீண் ஜோஷி இயக்க, சரிதா ஜோஷி தலைவியாக விளங்கிய 'ஸந்து ரங்கீலி' ஒன்று. மராத்தியில் பு.ல. தேஷ்பாண்டே எழுதிய 'தீ ஃபுல்ராணி' மற்றொன்று. இது 1975-இல் அரங்கேறியது. பக்தி பர்வே பூக்காரி மஞ்சுளாவாகவும், சதீஷ் துபாஷி பேராசிரியராகவும் நடித்தனர். நாடகத்தின் பெயரே ஒரு பாடம் புகட்டும். இளமையிலேயே மறைந்த மராத்திக் கவிஞர் பாலகவியின் புகழ்பெற்ற பாடல் ஒன்றின் தலைவி 'ஃபுல்ராணி', அதாவது பூவரசி. கிரேக்கச் சிற்பியின் பெயரை உதறிவிட்டு, மராட்டியப் பள்ளிச் சிறாரும் அறிந்த பெயரைச் சூட்டியதால், அயலகத்துச் சிலை அன்றே மண்ணின் மகளாயிற்று. பேராசிரியருக்குத் தக்க பாடம் கற்பிப்பேன் எனப் பொங்கியெழும் மஞ்சுளாவின் தனிமொழி, பிற்காலத்தில் மேடைப் போட்டிகளில் மராட்டிய மகளிர் விரும்பி நடிக்கும் பகுதியாயிற்று. பக்தி பர்வே 2001-இல் சாலை விபத்தொன்றில் மறைந்தபோதும், மக்கள் அவரை அப்பூக்காரியாகவே நினைவுகூர்ந்தனர். இந்தித் திரையும் 1980-இல் 'மன்பசந்த்' எனும் பெயரில் இக்கதையை எடுத்தாண்டது.

இத்தழுவல்கள் வென்றதற்குக் காரணம், ஒவ்வொரு மொழியும் தன் மக்களை எந்த ஒலியால் பிரிக்கிறது என்பதை நாடகாசிரியர்கள் அறிந்திருந்தமையே. இலண்டன் எளியோர் 'ஹ' ஒலியை விழுங்குவர். குஜராத்தின் சில வட்டாரங்களிலோ 'ஸ' ஒலி 'ஹ' ஆகிவிடும். மராத்தியில் 'ண' வரவேண்டிய இடத்தில் 'ந' ஒலித்தால் நாட்டுப்புறத்தார் என்பர். ஓரூரில் இழிவெனப்படும் ஒலி மற்றோரூரில் இயல்பாகிறது. ஆகவே இழிவு ஒலியில் இல்லை, கேட்போர் செவியில்தான் உள்ளது என்பது தெளிவு.

தமிழில் ஏன் இல்லை?

பக்கத்து வீட்டார் இருவர் இத்துணைச் சிறப்பாகப் பூக்காரியை வரவேற்றிருக்க, அவற்றுக்கு இணையாகப் பேசப்படும் தழுவல் ஒன்று தமிழ் மேடையில் நிலைபெறவில்லை. கதைக்கு வேண்டிய பொருளோ நம்மிடம் மிகுதி. ஒலி பிறக்கும் இடங்களை ஆராயப் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்த தொல்காப்பியம் நம்முடையது. ஹிக்கின்ஸ் நம்மிடம் பாடம் கேட்க வேண்டியவர். 'வாழைப்பழம்' என்னும் ஒரு சொல் போதும். 'பளம்' என்பாரும் 'பயம்' என்பாரும் உடனே அடையாளம் காணப்படுவர். எனினும் தடைகள் இரண்டு உள்ளன என நாம் கருதுகிறோம்.

முதலாவது, நம் எலைசாவுக்கு எந்தத் தமிழைக் கற்பிப்பது? இலண்டனில் கோமகள் பேசும் ஆங்கிலம் ஒரு வகுப்பாரின் வீட்டுப் பேச்சு. நம் செந்தமிழோ எழுத்துக்கும் மேடைக்கும் உரியது; எவர் வீட்டு அடுக்களையிலும் அது ஒலிப்பதில்லை. இவ்வகை இரட்டை வழக்கை மொழியறிஞர் ஃபெர்குசன் 1959-இல் விரிவாக ஆராய்ந்தார். செந்தமிழில் பேசும் பூக்காரியைக் கண்டு விருந்தினர் மயங்கார். பட்டிமன்றத்துக்கு வந்தவளென்றே எண்ணுவர்.

இரண்டாவது தடை ஆழமானது. ஆங்கிலப் பேச்சு வகுப்பைக் காட்டும். தமிழ்ப் பேச்சு வகுப்போடு சாதியையும் காட்டும். பூக்காரியின் நாவைத் திருத்துவது என்றால், எந்தச் சாதியின் பேச்சைத் திருத்தம் என ஏற்பது? இவ்வினாவை மேடையில் எழுப்ப அஞ்சி, வட்டாரப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தும் எளிய வழியை நம் நாடகங்களும் படங்களும் பெரும்பாலும் பின்பற்றின. தலைவன் தூய தமிழ் பேசுவான். வேலைக்காரன் சென்னைத் தமிழ் பேசிச் சிரிக்க வைப்பான். வடமொழி நாடகங்களில் அரசன் சமற்கிருதமும், பெண்டிரும் எளியோரும் பிராகிருதமும் பேசிய பழைய ஏற்பாட்டின் எச்சமே இது. எலைசாவைப் போலத் தனக்கு நேர்வது யாது எனத் திரும்பிக் கேட்கும் உரிமை நம் மேடையின் வேலைக்காரனுக்கு அரிதாகவே கிடைத்தது.

நம் வினா

மும்பைத் தமிழர்க்கு இது ஏட்டு வினா அன்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தோர் ஒரு தமிழைக் கொணர்ந்தனர். அலுவலகப் பணிக்கு வந்து மாதுங்காவில் குடியேறி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்றவற்றைக் கண்டோர் மற்றொரு தமிழைக் கொணர்ந்தனர். செம்பூரில் குடியேறிய ஆலைப் பணியாளரும் அறிவியலாளரும் வேறு வேறு தமிழைக் கொணர்ந்தனர். இவர்களுக்கிடையே உள்ள தொலைவு ரயிலில் சில மணித்துளிகளே. பேச்சிலோ அது நெடுந்தொலைவாக இருந்தது. விழா மேடையில் தமிழ் ஒன்றே என முழங்கிய நாமே, இறங்கி வந்ததும் பிறர் தமிழைப் பழித்துக் காட்டி நகைத்ததுண்டு. அந்நகைப்பில் நமக்கும் பங்கு உண்டு என ஒப்புக்கொள்வதே நேர்மை.

இன்று தாராவியில் வளரும் சிறுமியை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தாயின் தமிழ், பாடநூலில் வேறு தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, ஊர்மொழி மராத்தி, வேலைக்கு ஆங்கிலம். எலைசா ஒருமுறை பெற்ற பயிற்சியை அவள் பலமுறை பெறுகிறாள். அதுவும் பேராசிரியர் இன்றி, பந்தயம் இன்றி, தானாகவே பெறுகிறாள். இவ்வாற்றலை வியப்பதை விடுத்து, அவள் தமிழில் இந்தி கலந்திருப்பதை மட்டும் சுட்டிக் குறைகூறுவோமாயின், பந்தயம் வென்றபின் எலைசாவை மறந்த ஹிக்கின்ஸுக்கும் நமக்கும் வேற்றுமை யாது? பிழையின்றி எழுதவும் பேசவும் அவளுக்கு நல்ல தமிழ் கற்பிக்க வேண்டும். அது நம் கடமை. ஆனால் தாயின் பேச்சுக்கு நாணவேண்டும் என்ற பாடத்தை அதனோடு சேர்த்துக் கற்பித்தலாகாது. இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரியதென ஏற்ற இலக்கணம் நம்முடையது. அத்தகைய பெருந்தன்மை நம் சங்கங்களுக்கும் வேண்டும்.

நம் இளம் எழுத்தாளர் ஒருவர் தமிழ்ப் 'பிக்மேலியன்' எழுத முன்வருவாராக. அதற்கான ஊர் மும்பையே. தலைவி தாராவியிலிருந்து வந்து மாதுங்காவில் பூ விற்கட்டும். பேராசிரியர் செம்பூர்வாசியாக இருக்கட்டும். அவள் எல்லாத் தமிழையும் கற்கட்டும். தன் தமிழையும் விடாதிருக்கட்டும். இறுதிக் காட்சியில் அவள் எவரை மணக்கிறாள் என்பது நமக்கு முதன்மையன்று. தன் சொந்தக் குரலில் அவள் பேசும்போது, அரங்கில் அமர்ந்த நாம் நகையாமல் செவிமடுக்கிறோமா என்பதே முதன்மை.