யட்சியும் பங்களாவும்: தெற்காசியக் கோதிக் திகில் சினிமா

பாழடைந்த மாளிகை, அதற்குள் சாவுக்குப் பின்னும் தங்கிவிட்ட ஒரு பெண், அவள் அழகில் மயங்கி உயிரைக் கொடுக்கும் ஆண். இவற்றை வைத்துக்கொண்டு திகிலையும் காமத்தையும் ஒரே டிக்கட்டில் விற்ற சினிமா வகையே கோதிக் காமத் திகில் படம். ஐரோப்பாவில் இது 1957 முதல் 1976 வரை செழித்தது. இந்திய உபகண்டத்தில் அதற்கு முன்பே, 1949இல், தொடங்கிவிட்டது. இங்கே எடுக்கப்பட்ட படங்களை ஐரோப்பியப் படங்களின் நகல் என்று சொல்லிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். ஒளி, அரங்கம், சுவரொட்டி ஆகியவற்றில் கடன் வாங்கியது உண்மை. ஆனால் பேயின் சாதி வேறு. ஐரோப்பாவின் இரத்தக் காட்டேரி பிரபு வம்சத்தவள். ஊரை உறிஞ்சுபவளே அவள்தான். நம்முடைய மோகினியோ ஜமீன்தாராலோ காதலனாலோ கொல்லப்பட்டவள். இந்த ஒரு வேறுபாடு கதை முழுவதையும் மாற்றிவிடுகிறது.

சினிமாவுக்கு முன்

தமிழில் இந்தக் கதையின் வேர் நீலி. நகைக்கு ஆசைப்பட்ட காதலன், தன் மடியில் தலைவைத்து உறங்கிய தாசியைக் கள்ளிச் செடியருகே கல்லால் கொன்றான். அவள் மறுபிறவியில் பேயாக வந்தாள். கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாகப் பிறந்திருந்த அவனைத் தன் கணவன் என்று பழையனூர்ச் சபையில் வழக்காடினாள். அவனுக்கு உயிர்ப் பிணை நின்ற எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவள் இசக்கியம்மன் ஆனாள். முப்பந்தலில் இன்றும் கோயில் கொண்டிருக்கிறாள். மலையாள மண்ணில் அவளே கள்ளியங்காட்டு நீலி. பாலை மரத்தடியில் நின்று வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் யட்சிகளின் கதைகளைக் கொட்டாரத்தில் சங்குண்ணி 'ஐதிஹ்யமாலை'யில் தொகுத்தார்.

இலங்கை மலையகத்துக்கும் இவள் புதியவள் அல்லள். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள், இரவில் பாதை வளைவில் வெள்ளைச் சேலையோடு நிற்கும் மோகினியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கைக்குழந்தையோடு நிற்பாள் என்றும் சொல்வார்கள். நீலியின் கள்ளிப் பிள்ளையும் இந்தக் குழந்தையும் ஒரே வழியில் வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்த பாதையில்தானே அவர்கள் பேய்களும் சாமிகளும் வந்தன. காமமும் சாவும் ஒரே மேடையில் ஏறுவதும் இங்கே பழக்கமான காட்சிதான். மாசி மாதக் காமன் கூத்தில் மதன் எரிகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள், லயத்துச் சனம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது.

ஐரோப்பிய மரபு

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மில்லா' (1872) இளம் பெண்ணை நாடிவரும் பெண் காட்டேரியின் கதை. டிராகுலா நாவலுக்கு 25 ஆண்டு மூத்தது. அதே பத்தாண்டில், 1875இல், ஆங்கில ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் இலங்கைக்குக் குடிவந்தார். டெனிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்கு வேடமிட்ட மனிதர்களை நிறுத்திப் படமெடுத்த அவர், 1879இல் டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார்; பொகவந்தலாவை தூய மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோதிக் கனவு கண்ட விக்டோரியா காலமும் தோட்டங்களைத் திறந்த விக்டோரியா காலமும் ஒன்றே என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி அந்தக் கல்லறை.

சினிமாவில் இந்த மரபை வண்ணத்துக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம். 1957இல் ஃபிராங்கன்ஸ்டைன் கதையையும், 1958இல் கிறிஸ்டோபர் லீயை வைத்து டிராகுலாவையும் எடுத்தது. இரண்டையும் இயக்கியவர் டெரன்ஸ் ஃபிஷர். இத்தாலியில் மாரியோ பாவா 1960இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'பிசாசின் முகமூடி' பார்பரா ஸ்டீலின் முகத்தை இந்த வகையின் முகமாகவே ஆக்கியது. இங்கிலாந்து அதை 1968 வரை தடுத்து வைத்தது. 1970இல் பிரித்தானியாவில் எக்ஸ் சான்றிதழ் பெற்ற படங்களைப் பார்ப்பதற்கான வயது 16இலிருந்து 18 ஆக உயர்ந்ததும் ஹாமர் துணிந்தது. கார்மில்லா கதையைத் தழுவி, இன்கிரிட் பிட் நடித்த 'காட்டேரிக் காதலர்கள்' அந்த ஆண்டே வந்தது. பிரான்சில் ஜான் ரொலன், ஸ்பெயின்காரரான ஜெஸ் ஃபிராங்கோ ஆகியோர் கதையை ஏறக்குறைய கைவிட்டுக் கனவுக் காட்சிகளாகவே எடுத்தார்கள். ரொலனின் முதற்படம் 1968 மே மாத வேலைநிறுத்தத்தின் நடுவே பாரிஸில் வெளியானது. ஜெனரல் ஃபிராங்கோவின் தணிக்கைக்கு அஞ்சிய ஸ்பானியத் தயாரிப்பாளர்கள், உடுத்த காட்சியை உள்நாட்டுக்கும் உடுத்தாத காட்சியை ஏற்றுமதிக்குமாக இரு வடிவங்கள் எடுத்தனர்.

இவற்றில் பெரும்பாலானவை அவசரத்தில், சந்தைக்காக மட்டும் செய்யப்பட்டவை. பெல்ஜிய இயக்குநர் ஹாரி கூமலின் 'இருளின் புதல்விகள்' (1971) விதிவிலக்கு. ஆள் இல்லாத குளிர்காலக் கடற்கரை விடுதியில் டெல்ஃபின் சேரிக் நடக்கும் நடைக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். 1973இல் 'எக்ஸார்சிஸ்ட்' வந்ததும் கோட்டையும் மெழுகுவர்த்தியும் பழசாகின. 1976க்குப் பின் ஹாமர் மூன்று பத்தாண்டுகள் திகில் படமே எடுக்கவில்லை.

ஜெர்மானிய நிழல்

மியூனிக்கைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் ஜோசஃப் விர்ஷிங் 1930களில் பம்பாய் டாக்கீஸில் சேர்ந்தார். போர்க்காலத்தில் எதிரி நாட்டவர் என்று தடுப்பு முகாமில் அடைபட்டு, விடுதலையான பின் கமால் அம்ரோஹியின் 'மஹல்' (1949) படத்துக்கு ஒளியமைத்தார். வெறிச்சோடிய மாளிகை, ஆடும் ஊஞ்சல், கைக்கு அகப்படாத மதுபாலா. இந்தியக் கோதிக் சினிமாவின் தொடக்கம் இதுதான். ஹாமரின் டிராகுலாவுக்கு ஒன்பது ஆண்டு முந்தியது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து நாம் முதலில் பெற்றது மலிவுப் படங்களின் சதைக்காட்சியை அல்ல, மௌனப்பட ஜெர்மனியின் நிழலை.

பிமல் ராயின் 'மதுமதி' (1958) இன்னும் ஒரு படி போனது. கதை எழுதியவர் ரித்விக் கட்டக். மலைநாட்டு மரத் தோட்டம் ஒன்றுக்கு மேலாளராக வருகிறான் நாயகன். தோட்ட முதலாளியான ராஜாவிடமிருந்து தப்பும்போது மலைப்பெண் சாகிறாள்; நடித்தவர் வைஜயந்திமாலா. பின்னர் அதே மாளிகையில், அதே ராஜாவின் முன்னால், அவள் நின்று உண்மையைப் பேசவைக்கிறாள். தோட்டம், துரை, பங்களா, காணாமற் போன பெண் என்ற இந்த வரிசையை மலையகத்தான் ஒருவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் தேயிலைத் தோட்டத்தையே கோதிக் மாளிகையாக்கிய படமும் உண்டு. பாரமவுண்ட் 1954இல் வெளியிட்ட 'எலிஃபன்ட் வாக்'. யானைத்தடத்தை மறித்துக் கட்டிய துரை பங்களா, செத்தும் அதை ஆளும் பெரியதுரை, மணமுடித்து வந்து மூச்சுத் திணறும் வெள்ளைக்காரி. இயக்கிய வில்லியம் டீட்டர்லேயும் ஜெர்மானியர். ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் 'ஃபவுஸ்ட்' மௌனப்படத்தில் நடித்தவர். 1953இல் இலங்கையில் படப்பிடிப்பு நடந்தபோது நாயகி விவியன் லீ மனநோயால் விலக, எலிசபெத் டெய்லர் வந்தார். தொலைவுக் காட்சிகள் சிலவற்றில் இருப்பது இன்னும் லீதான். படத்தில் கொள்ளைநோய் வருகிறது, தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேயாகித் திரும்பிவரும் அளவுக்குக் கதை இல்லை. பங்களாவின் துயரம் துரையின் குடும்பத் துயரமாகவே முடிகிறது. அந்தப் படத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழும் மலையாளமும்

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) மறுபிறவிக் கதை. மகன் காதலித்த ஏழைப்பெண்ணைக் கொன்ற ஜமீன்தார், நூறு வயதைக் கடந்தும் சாகாமல், அடுத்த பிறவியிலும் அவர்களைப் பிரிக்கக் காத்திருக்கிறார். நம்பியாரின் அந்த வேடம் தமிழ்த் திகிலின் உச்சங்களில் ஒன்று. இங்கே சாகாமல் இருப்பது அதிகாரம்; செத்துப் பிறப்பது காதல். ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் மறு ஆண்டே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' (1964) படத்தை இயக்கினார். 'நீலவெளிச்சம்' என்ற தம் கதையை விரித்துத் திரைக்கதை எழுதியவர் வைக்கம் முகம்மது பஷீர். பாழ்வீட்டில் குடிபுகும் எழுத்தாளன், அங்கே இறந்த பார்கவியைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதிலாக அவளோடு பேசத் தொடங்குகிறான், அவள் கதையை எழுதுகிறான். பேயை ஓட்டாமல், பேயிடம் கேட்டு எழுதும் நாயகனை இந்த வகையில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

மலையாளத்தின் அடுத்த பெரும்படம் கே. எஸ். சேதுமாதவனின் 'யட்சி' (1968). மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவல். விபத்தில் முகம் சிதைந்த வேதியியல் பேராசிரியராகச் சத்யன், அவரை விரும்பி மணக்கும் அழகியாகச் சாரதா. அவள் யட்சியோ என்ற ஐயம் அவருக்கு. அந்த ஐயம் அவருடைய ஆண்மைக் குறையிலிருந்து முளைப்பதைப் படம் மெல்லக் காட்டுகிறது. ஐரோப்பியப் படங்கள் பெண்ணுடலைப் பயமாக்கின. இந்தப் படம் பயப்படும் ஆணின் மனதுக்குள் விளக்கைப் பிடித்தது. ஹாமரின் எந்தப் படத்தையும்விட இது துணிச்சலானது.

1970களின் பின்பாதியில் சந்தை மாறியது. 1978இல் ஐ. வி. சசி, வயது வந்தோருக்கான 'அவளுடெ ராவுகள்' படத்தையும், நித்திய இளமைக்காகப் பேய்த்தெய்வத்துக்குக் கன்னியரைக் காணிக்கையாக்கும் மந்திரவாதியாகக் கமல்ஹாசன் நடித்த 'வயநாடன் தம்பான்' படத்தையும் எடுத்தார். கவர்ச்சியும் பேயும் ஒரே பட்டறையில் செய்யப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நடிகை ஒருவரே இயக்கிய 'யட்சகானம்' (1976) தனித்து நிற்கிறது, இயக்கியவர் ஷீலா. துரை இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த தமிழின் 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) அதன் மறு ஆக்கம்.

இந்தியில் ராம்சே சகோதரர்கள் எழுவர் குடும்பமாக இந்தத் தொழிலை நடத்தினார்கள். 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' (1972), 'புரானா மந்திர்' (1984), 'வீரானா' (1988), டிராகுலாவைத் தழுவிய 'பந்த் தர்வாஜா' (1990). குறைந்த செலவு, சிறு நகரக் கொட்டகைகள், குளியல் காட்சி, நகைச்சுவைத் துணைக்கதை. ஐரோப்பிய மலிவுப் படங்களுக்கு மிக நெருங்கியவை இவையே. அவர்களுக்கும் முன்பு லாகூரில் எடுத்த 'ஜிந்தா லாஷ்' (1967) டிராகுலாவை நடன விருந்தோடு கொடுத்து, பாகிஸ்தான் தணிக்கையிடம் வயது வந்தோர் சான்றிதழ் பெற்றது. இந்தப் படங்களில் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை ஒரு சாக்கு மட்டுமே. காமிரா அவள் குறையைக் கேட்பதில்லை.

நாகவல்லி

ஃபாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993), மது முட்டத்தின் திரைக்கதையோடு, இந்த மரபு முழுவதையும் திரும்பிப் பார்த்தது. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, தெக்கினி என்ற தெற்குக் கட்டில் அடைக்கப்பட்டு, குடும்பத் தலைவரான காரணவரால் கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி. மலையாள வீட்டுக்குள் அவள் பேசுவது தமிழ். பேயே இல்லை, கங்கா என்ற மருமகளின் மனம் நாகவல்லியின் துயரத்தைத் தன் துயரமாக எடுத்துக்கொண்டது என்கிறது படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004), தமிழில் 'சந்திரமுகி' (2005), இந்தியில் 'பூல் புலையா' (2007) என அது பரவியது. 'சந்திரமுகி' நாயகனின் படமாக வளர்ந்ததில் அந்த நாட்டியக்காரியின் துயரம் சுருங்கிவிட்டது என்பதே என் கருத்து. ஜோதிகாவின் உழைப்பு அதை ஓரளவு காப்பாற்றியது.

கொல்லப்பட்ட பெண்ணைப் பேசவிட்ட 'மதுமதி', 'பார்கவி நிலையம்', 'மணிச்சித்திரத்தாழ்' ஆகியவை இன்றும் பார்க்கத் தகுந்தவை. அவள் உடலை மட்டும் காட்டியவை சேகரிப்போரின் பொருளாகிவிட்டன. மலையகத்திலோ துரை பங்களாக்களில் பல இன்று சுற்றுலா விடுதிகள். அவற்றின் பின்கட்டில் சமைத்தவர்களும் பிள்ளை பார்த்தவர்களும், தங்கள் தாய்மார் சொல்லக் கேட்ட பங்களாக் கதைகளை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். படமெடுக்க விரும்பும் மலையக இளைஞர்கள் காமிராவுக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அந்த மூத்தவர்களிடம் போய் உட்கார வேண்டும்.