லேசரா, கத்தியா? வெட்டும் முன் பொருளை அறிவோம்

ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த புக்கிட் ஜாலில், ஒரு காலத்தில் நம்மவர்கள் பால்மரம் வெட்டிய தோட்டம். இன்று அங்கே தொழில்நுட்பப் பூங்கா இயங்குகிறது. கணினியில் வரைந்த வடிவத்தை அப்படியே வெட்டித் தரும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்கள், முதலில் இரண்டு இயந்திரங்களை அறிய வேண்டும். உலகெங்கும் உள்ள ஃபேப் லேப் கூடங்களிலும் இவை தொடக்கப் பாடங்களாகவே கற்பிக்கப்படுகின்றன.

வினைல் வெட்டும் இயந்திரம்: சிறிய கத்தி ஒன்று மேலுள்ள ஸ்டிக்கர் படலத்தை மட்டும் வெட்டும், அடித்தாள் வெட்டுப்படாது. வேண்டாத பகுதியை உரித்துவிட்டு, எஞ்சிய எழுத்துகளை ஒட்டுநாடாவால் எடுத்துக் கார், கடைக் கண்ணாடி போன்றவற்றில் பதிக்கலாம். டீ-சட்டையில் சூடேற்றி ஒட்டும் படலமாக இருந்தால், வடிவத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும்.

லேசர் இயந்திரம்: கரியமில வாயு லேசர் பலகை, அட்டை, அக்ரிலிக் போன்றவற்றை எரித்து வெட்டும். வெட்டும் கோட்டில் சுமார் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை பொருள் கரைந்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒன்றோடொன்று செருகும் பாகங்கள் தளர்ந்துவிடும். எனவே சிறு துண்டில் வெட்டிப் பார்த்த பிறகே முழுப் பலகையை வைக்க வேண்டும்.

எச்சரிக்கை: வினைல் ஸ்டிக்கரை லேசரில் வைக்கவே கூடாது. பெரும்பாலான வினைல் பி.வி.சி. வகை, அதில் குளோரின் உண்டு. எரியும்போது வெளியாகும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைப் புண்ணாக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். செயற்கைத் தோலிலும் பி.வி.சி. இருக்கலாம், கடையில் கேட்டு உறுதிசெய்த பிறகே வெட்டுங்கள். அக்ரிலிக்கும் பலகையும் தீப்பற்றக்கூடியவை. புகைபோக்கியை இயக்கி, வேலை முடியும்வரை இயந்திரத்தின் அருகிலேயே இருங்கள்.

வரைந்து பழக, இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் போதும்.