ஊமைப் பெட்டி பேசிய கதை

2012. தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருஷம். மதுரையில் அம்மா வீட்டில் கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரே இன்வெர்ட்டர் வாங்கியது. நாங்களும் வாங்கினோம். பூஜை அறைக்குப் பக்கத்துச் சந்தில் பேட்டரிக்கு இடம் ஒதுக்கினோம்.

ஒன்றரை வருஷம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் ராத்திரி, கரண்ட் போன பத்தாவது நிமிஷத்தில் 'கீச் கீச்' என்று கத்த ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன்? சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் இப்படியே போனது.

எட்டாம் நாள் அம்மா சொன்னாள்: "ஏண்டா, சாமி ரூம் பக்கம் அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே!"

மெக்கானிக் வந்தார். பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். முதல் வேலையாக சுவிட்சை அணைத்தார். இரண்டாவது வேலையாக, அம்மாவிடம் சொல்லி சாமி விளக்கை அமர்த்தினார். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூடிகளைக் கழற்றி ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். ஐந்து அறைகளில் 1250-க்கு மேல். ஒன்றில் மட்டும் 1100.

"ஒரு செல் செத்துப் போச்சு சார். இது ஃபுல் ஆகலைன்னு நினைச்சு சார்ஜர் கரண்டைத் தள்ளிக்கிட்டே இருக்கு. மத்த அஞ்சும் கொதிக்குது. கொதிச்சா ஹைட்ரஜன் வரும். பக்கத்துல விளக்கு எரியுது. ஒரு வாரமா இது கத்தினது உங்க காதுல விழலையா?"

விழுந்தது. அதுதான் பிரச்னையே.

அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பேட்டரி ஓர் ஊமைப் பெட்டி. சக்கரம் கிடையாது, புகை கிடையாது, ஆடாது, அசையாது. இதற்கு உடம்பு சரியில்லை என்பதை மனிதன் எப்படித்தான் கண்டுபிடித்தான்? தேடிக்கொண்டு போனால், அது இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை.

1800-ல் இத்தாலிக்காரர் அலெஸாண்ட்ரோ வோல்டா, வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். மின்சாரம் வந்தது. உலகின் முதல் பேட்டரி. ஆனால் அதை அளக்க மீட்டர் ஏது? தன் உடம்பையே மீட்டராக்கினார் மனிதர். விரலை வைத்தார். நாக்கை வைத்தார். ஒரு கட்டத்தில் இரண்டு காதுகளுக்குள்ளும் உலோகக் கம்பிகளைச் செருகிக்கொண்டு இணைப்புக் கொடுத்தார். தலைக்குள் ஓர் உதறல். தொடர்ந்து, கெட்டியான குழம்பு கொதிப்பது போல ஒரு சத்தம். லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதையெல்லாம் எழுதியவர், அந்தச் சோதனையை மறுபடி செய்ய விரும்பவில்லை. செய்வாரா என்ன!

அந்த முதல் பேட்டரியிலேயே கோளாறும் சேர்ந்து பிறந்துவிட்டது. மேலே அடுக்கிய வில்லைகளின் கனம் தாங்காமல் கீழே இருந்த அட்டைகளிலிருந்து உப்புத் தண்ணீர் பிதுங்கி வழிந்தது. பேட்டரி லீக்!

வோல்டாவின் அடுக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் பேட்டரியை 1859-ல் செய்தவர் பிரான்ஸின் காஸ்டன் பிளாந்தே. இரண்டு ஈயத் தகடுகள், கந்தக அமிலம். அவ்வளவுதான். இன்றைக்கும் நம் வீட்டு இன்வெர்ட்டரின் அடியில் உட்கார்ந்திருப்பது அதன் பேரப்பிள்ளைதான். 1881-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், கமீல் ஃபோர், தகட்டின் மேல் ஈயப் பசையை அப்பி அதிக மின்சாரத்தைத் தேக்கினார். அந்த பேட்டரிகளை ஒரு பெட்டியில் வைத்து பாரிஸிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வரை கொண்டு போனார்கள். வாங்கிக்கொண்டவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற விஞ்ஞானி. பெட்டிக்குள் பத்து லட்சம் அடி-பவுண்டு சக்தி இருப்பதாகப் பத்திரிகையில் பரபரப்பு. இன்றைய கணக்கில் அரை யூனிட் கூட இல்லை! ஆனால் மின்சாரத்தைப் பெட்டியில் போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்பலாம் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

வியாதியும் கூடவே போனது. அப்பிய பசை உதிர்ந்து அடியில் சேர்ந்தது. சேர்ந்த சகதி இரண்டு தகடுகளையும் தொட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். எங்கள் வீட்டுப் பேட்டரியில் ஓர் அறையைக் கொன்றதும் அநேகமாக இதே வியாதிதான். நூற்று முப்பது வருஷமாக அது போகவில்லை.

அடுத்து எடிசன். அமிலமே வேண்டாம், இரும்பும் நிக்கலும் போதும் என்று 1903-வாக்கில் புது பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். விற்பனை அமோகம். பிறகு புகார்கள் வந்தன. டப்பா கசிகிறது. நாள் போகப் போக சரக்கு குறைகிறது. சமாளித்திருக்கலாம். எடிசன் 1904-ல் தொழிற்சாலையை நிறுத்தினார். விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் சோதனை மேல் சோதனை. 1909-ல் புது மாடல் வந்தது. அது பல பத்தாண்டுகள் உழைத்தது. பேட்டரிக் கரைசலில் அவர் சேர்த்த ஒரு சிட்டிகை மருந்து என்ன தெரியுமா? லித்தியம்!

சரி, இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாசாரம். சாதாரணக் குடும்பத்துக்கு வீட்டு பேட்டரி எப்போது வந்தது?

1916. அமெரிக்கா. காருக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கண்டுபிடித்த சார்லஸ் கெட்டரிங், ஒஹையோ மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்தவர். கம்பி போகாத கிராமங்களுக்காக 'டெல்கோ-லைட்' என்று ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு சின்ன எஞ்சின். கூடவே பதினாறு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றும் 2 வோல்ட், மொத்தம் 32 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஜாடிகள் நிரம்பும். ராத்திரி விளக்கு எரியும்.

விவசாயிக்கு அமிலத்தின் அடர்த்தி பற்றி என்ன தெரியும்? அதற்கும் வழி செய்தார்கள். கண்காணிப்பு ஜாடியில் ஒரு குட்டிப் பந்து. சார்ஜ் இருந்தால் அமிலம் அடர்த்தியாக இருக்கும், பந்து மிதக்கும். சார்ஜ் இறங்கினால் அமிலம் நீர்த்துப்போகும், பந்து மூழ்கும். பந்து கீழே போச்சா, எஞ்சினைக் கிளப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற அலாரம்!

இன்னொரு மீட்டரும் அந்தக் காலத்தில் வந்தது. உள்ளே போகிற மின்சாரத்தை வரவு, வெளியே வருவதைச் செலவு என்று கணக்கெழுதும் மீட்டர். ஏற்றியதெல்லாம் திரும்பி வராது, கொஞ்சம் சேதாரம் உண்டு. அதனால் சார்ஜ் ஏறும்போது வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அதை அமைத்தார்கள். பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இந்த மீட்டர்மேல் தனிப் பிரியம்.

1935-ல் ரூஸ்வெல்ட் அரசு கிராமங்களுக்குக் கம்பி இழுக்க ஆரம்பித்தது. கம்பி போன இடத்திலெல்லாம் ஜாடிகள் பரணுக்குப் போயின.

இப்போது கதை திரும்ப வந்திருக்கிறது. மொட்டை மாடியில் சோலார், சுவரில் லித்தியம் பேட்டரி. பிரித்துப் பார்த்தால் பல மாடல்களில் அதே பதினாறு செல்கள்! செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், மொத்தம் 51.2. ஜாடியில் மிதந்த பந்தின் வேலையை பி.எம்.எஸ். என்கிற மின்னணுக் காவல்காரன் பார்க்கிறான். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும், சூட்டையும், ஓடும் கரண்டையும் ஓயாமல் கண்காணிப்பது அவன் வேலை. எல்லை தாண்டினால் கதவைச் சாத்திவிட்டு அலாரம் அடிப்பான்.

அவன் அடிக்கிற அலாரமெல்லாம் ஒரே ரகமல்ல. சில, வெறும் பேச்சுவார்த்தை முறிவு. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தகவல் போகிற ஒயர் லூசாகியிருக்கும். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். சில, கணக்குக் கோளாறு. திரையில் 40 சதவீதம் காட்டும், திடீரென்று அணைந்துவிடும். வரவு செலவு எழுதுவதில் சேர்ந்த சின்னச் சின்னப் பிழைகள்தான் காரணம். பாஸ்புக்கோடு கணக்கை ஒத்துப்பார்ப்பது போல, அவ்வப்போது முழுசாக சார்ஜ் ஏற்றினால் கணக்கு நேராகிவிடும். அப்படியும் நேராகவில்லை என்றால் ஏதோ ஒரு செல் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் சூடு அலாரம் வரும். தப்பு பேட்டரியின் மேல் இல்லை, வைத்தவர் மேல்.

ஆனால் ஒரே அலாரம் ரீசெட் செய்தும் மறுபடி மறுபடி வந்தால், பெட்டி உப்பினால், வாடை வந்தால், விளையாடக் கூடாது. சார்ஜை நிறுத்திவிட்டு, தள்ளிப்போய், ஆளைக் கூப்பிட வேண்டும். நாமே திருப்புளியோடு உட்காரவே கூடாது. எச்சரிக்கையே இல்லாமல் வருகிற ஆபத்தும் உண்டு. 2020 டிசம்பரில் எல்.ஜி. கெம் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாகச் சொல்லி, அமெரிக்காவில் விற்ற தன் வீட்டு பேட்டரிகள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. 2021-ல் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. செல்லுக்குள்ளேயே பிறவிக் கோளாறு இருந்தால் காவல்காரன் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

அதனால்தான், அவன் கண்ணுக்குத் தெரிந்து கத்துவதையாவது நாம் கேட்க வேண்டும். வோல்டா காதில் கம்பி செருகிக்கொண்டு கேட்டார். எடிசன் புகாரைக் கேட்டுத் தொழிற்சாலையையே மூடினார். நான்? பொத்தானை அமுக்கினேன்.

புதுப் பேட்டரி வந்தபோது மெக்கானிக் அதைப் பூஜை அறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமான பின்கட்டில் வைத்தார். போகும்போது அம்மாவிடம், "இது கத்தினா தம்பியை எழுப்பாதீங்கம்மா, எனக்கு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இன்றுவரை அப்படித்தான் செய்கிறாள்.