இன்சர்ட் விசையின் கதை

பல்கலைக்கழகம் தொடங்கும்போது அப்பா வாங்கித்தந்த மடிக்கணினியில் இன்சர்ட் விசையே இல்லை. தம்பியிடம் சொன்னேன். "அது எதுக்கு அக்கா? நான் அதை ஒருநாளும் அமத்தினதில்லை" என்றான். எனக்குக் கண் தெரியாது. என் திரைவாசிப்பானுக்கான கட்டளைகளில் பாதி அந்த விசையில்தான் தொடங்கும்.

நீங்கள் யாருமே தொடாத விசை எங்களுக்கு எப்படி வந்தது? அமெரிக்கரான டெட் ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு நிரலாக்கம் படித்து, 1987இல் பில் ஜாய்ஸுடன் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1989இல் அவர்களுடைய ஜாஸ் வந்தது. அது டாஸ் காலம். எழுத்துகள் தட்டச்சுக்கு வேண்டும்; கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் மற்ற மென்பொருள்கள் எடுத்துக்கொண்டன. வலப்பக்க எண்பலகையில் 0 இருக்கும் இடமே இன்சர்ட். பெரிய விசை, பெருவிரலால் தடவியே கண்டுபிடிக்கலாம்.

இணையம் வந்தபோது புதிய தலைவலி. இரண்டு பத்திகள் உள்ள பக்கத்தைத் திரைவாசிப்பான் குறுக்கே வரிவரியாக வாசித்தால், செய்தியும் விளம்பரமும் ஒரே வாக்கியமாகிவிடும்! 14 வயதில் பார்வையை இழந்த ஜப்பானியர் சியெகோ அசகாவா, ஐபிஎம்மில் இதற்கு விடை தேடினார். 1997இல் ஜப்பானில் வெளிவந்த அவருடைய ஹோம் பேஜ் ரீடரில் எண்பலகையாலேயே இணையத்தில் உலாவலாம். சாதாரண எழுத்தை ஆண் குரல் வாசிக்கும், இணைப்பு வந்தால் பெண் குரல். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

நான் பாவிப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை இல்லை. மற்றத் திரைவாசிப்பான்கள் கணினியைவிட விலை கூடியிருந்த காலத்தில் இதை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்சர்ட்டுக்குப் பதிலாகக் கேப்ஸ் லாக்கையும் வைத்துக்கொள்ளலாம். என் சிக்கல் அதோடு பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி எஃப்7. பக்கத்திலுள்ள இணைப்புகள், தலைப்புகள் எல்லாவற்றையும் பட்டியலாகக் காட்டும் கட்டளை கேப்ஸ் லாக்குடன் எஃப்7. என் கணினியில் எஃப்7க்கு இன்னொரு விசையையும் சேர்த்து அமத்த வேண்டும். நேரம் குறித்த இணையப் பரீட்சையில் மூன்று விரல் வித்தை செய்து பார்த்தால் தெரியும், அடுத்த கேள்வியைத் தேடுவதற்குள் வியர்த்துவிடும்.

ஆனால் என்விடிஏயில் எந்தக் கட்டளைக்கும் நாமே விசை கொடுக்கலாம். கேப்ஸ் லாக்கும் என்னும் அமத்தினால் பட்டி திறக்கும். அதில் விருப்பங்கள், பிறகு உள்ளீட்டுச் சைகைகள். கட்டளையைத் தேர்ந்து, 'சேர்' பொத்தானை அழுத்தி, வேண்டிய விசைகளைத் தட்டினால் சரி. அந்தப் பட்டியலை இடது கைக்கு எட்டும், சும்மா கிடந்த ஓர் எழுத்துக்கு மாற்றினேன். தலைப்புக்குத் தாவும் எச்சையும் இணைப்புக்குத் தாவும் கேயையும் தொடவில்லை. அவை விரலில் ஊறிவிட்டன.

ஆசை கூடி, வேறொரு கட்டளைக்குக் கன்ட்ரோலும் எல்லும் கொடுத்தேன். அன்றிலிருந்து உலாவியின் முகவரிப் பட்டைக்குப் போக முடியவில்லை. உலாவிதான் பழுது என்று இரண்டு நாள் அதைத் திட்டினேன். நல்லவேளை, எல்லாவற்றையும் பழையபடி ஆக்க அந்த இடத்திலேயே ஒரு பொத்தான் உண்டு.

இப்போது என் அமைப்புகளோடு என்விடிஏயின் ஒரு பிரதியை யுஎஸ்பியில் வைத்திருக்கிறேன். நூலகக் கணினியில் செருகினால் போதும், அதே எழுத்து, அதே விரல்.