பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய அம்மாக்கள்

நம்ம கூட்டமைப்பு அக்கா தங்கச்சிகளில் பலர் இன்றைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் உறுப்பினர்கள். சிலர் தலைவர்கள். "அது என்ன பெரிய பதவி, கூப்பிட்டா போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுதானே" என்று அவர்களே சிரிப்பார்கள். அந்த நாற்காலி நம்மிடம் வந்து சேர்ந்த வழி நீளமானது. இந்த மலரில் அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

காமராசர் முதல்வராக இருந்தபோது, 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, சீருடைத் துணி, கட்டடம் கட்ட இடம் என்று ஊர்க்காரர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் சர்க்காரோடது மட்டுமில்லை, ஊரோடதும்தான் என்ற நினைப்பு அப்போது வேர் பிடித்தது. உங்க ஊர்ப் பள்ளியில் பழைய நன்கொடைக் கல்வெட்டு இருந்தால் ஒருநாள் நின்று படித்துப் பாருங்க. அதில் பெண் பெயர்களை எண்ண ஒரு கை விரல் போதும் என்பது என் கணிப்பு.

உள்ளூர் அம்மாக்கள் பள்ளிக்குள் போனது அடுப்படி வழியாகத்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளுக்கு ஆயிரக்கணக்கில் பெண்கள் சேர்ந்தார்கள். சமையல் கூடம் வரை அனுமதி கிடைத்தது. தலைமையாசிரியர் அறைக்கு இன்னும் தூரம் இருந்தது.

அடுத்த கதைக்குத் தருமபுரிக்குப் போகணும். 1989-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கிய மாவட்டம் அது. 1990-களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் காலடி வைத்தபோதும், முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தருமபுரி இருந்தது. அந்தத் திட்டத்தோடு கிராமக் கல்விக் குழு என்ற ஏற்பாடும் ஊர்களுக்கு வந்தது. இரண்டும் ஒரே மண்ணில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சேமிப்புக் கணக்கை வாராவாரம் சத்தமாகப் படித்துக் கேட்டுப் பழகின பெண், பள்ளிக் கூட்டத்திலும் "அந்தப் பணம் எதுக்குச் செலவாச்சு?" என்று கேட்கத்தானே செய்வாள்.

கேட்பதற்கு உரிமை என்று சட்டம் சொன்னது பிறகுதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவுதான் நம்ம பிரிவு. மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்கணும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகுது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களை 20 பேரோடு புதிதாக அமைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. ஊர்ப்புறங்களில் அதற்குச் சமைப்பது நம்ம குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாவாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பழைய அடுப்படி வழியும் புதிய நாற்காலி வழியும் இங்கே ஒன்றாகிவிட்டன.

"கண்காணித்தல்" என்ற சொல்லை நோட்டில் எழுதிவிடலாம். கண்ணால் காண ஒரு முழுநாள் வேணும். நமக்குத் தெரிந்த ஒரு குழுத் தலைவி கூலி வேலைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, புதன்கிழமை காலை பொங்கல் நேரத்துக்கே ஊர் தொடக்கப் பள்ளிக்குப் போனார். சாயங்காலம் கடைசி மணி வரை இருந்தார். பிள்ளைகள் 47, ஆசிரியர்கள் இரண்டு பேர், வகுப்புகள் ஐந்து. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்திலேயே இருக்கிற கணக்கு, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. எண்ணும் எழுத்தும் பாடத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து ஒரே டீச்சர் மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே செல்போனில் வருகைப் பதிவு. "டீச்சர் எப்பவும் போனோடயே இருக்காங்க" என்று ஊரில் பேசியவர்களில் இந்தத் தலைவியும் ஒருத்தர். அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு பெண் பிள்ளைகள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன்டி என்று கேட்டதற்கு முதலில் சிரித்தார்கள். அப்புறம் நாலாவது படிக்கிற ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "பாத்ரூம்ல தண்ணி வராது அத்தை. குடிச்சா போகணும்ல." போய்ப் பார்த்தால், பதினோரு மணிக்கே தொட்டி காலி. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டு வருஷமாகக் கூட்டத்துக்கு வந்தவர் அவர். கூட்டம் நடக்கிற அறையிலிருந்து அந்தக் கழிப்பறை இருபது அடிதான்.

அடுத்த கூட்டத்தில், வழக்கமாக எழுதுகிற "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்ற வரியை எழுத அவர் விடவில்லை. எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, தொட்டி எவ்வளவு பெரிசு, மோட்டார் எப்போது போடுகிறார்கள் என்று நோட்டில் எழுத வைத்தார். எழுதியதை ஹெச்.எம். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார். நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். மோட்டார் போடுகிற நேரம் மாறி, இப்போது மதியம் ஒருமுறையும் தொட்டி நிறைகிறது. தாழ்ப்பாள் மட்டும் இன்னும் வரவில்லை. வருகிற கூட்டத்தின் பொருள் நிரலில் அதுதான் முதல் வரி.