கூலி வாங்காத ஆட்டம்: வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தர்ன் லீக்

1889 மார்ச் 25 அன்று டர்ஹாம் நகரின் த்ரீ டன்ஸ் விடுதியில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியவர் டார்லிங்டன் கிளப்பின் செயலர் சார்லஸ் கிரேவன். அதற்கு முந்தைய ஆண்டுதான் 12 கிளப்களோடு ஃபுட்பால் லீக் தொடங்கியிருந்தது. அந்தப் பன்னிரண்டும் லங்காஷயரையும் மத்திய இங்கிலாந்தையும் சேர்ந்தவை. வடகிழக்குக்கு அதில் இடமில்லை. கூட்டத்தின் பயனாகப் பத்து கிளப்களோடு உருவானது நார்தர்ன் லீக். இன்றும் நடந்துவரும் கால்பந்து லீக்குகளில் உலகில் இதைவிட மூத்தது ஃபுட்பால் லீக் ஒன்றுதான்.

இந்த லீக் பிறவியிலேயே அமெச்சூர் லீக் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. முதல் 17 ஆண்டுகள் கூலி வாங்கி ஆடியவர்களும் வாங்காதவர்களும் இதில் சேர்ந்தே ஆடினார்கள். தொடக்க உறுப்பினர்களுள் நியூகாசில் ஈஸ்ட் எண்டும் மிடில்ஸ்பரோவும் இருந்தன. ஈஸ்ட் எண்ட் 1892இல் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்துக்குக் குடிபெயர்ந்து, நியூகாசில் யுனைடெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, மறு ஆண்டே ஃபுட்பால் லீக்குக்குப் போய்விட்டது. மிடில்ஸ்பரோ சற்றுத் தாமதித்தது. 1895இலும் 1898இலும், கூலி வாங்காத அணிகளுக்காக எஃப்.ஏ. (இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம்) நடத்திய அமெச்சூர் கோப்பையை வென்றது. 1898இல் ஊரில் பெரியம்மை பரவியிருந்ததால், தார்னபியுடனான அரையிறுதியை பிராட்டன் என்ற கிராமத்தில் பார்வையாளரே இல்லாமல் ஆட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அந்த கிளப்பும் தொழில்முறைக்கு மாறியது. பெருநகரங்களில் நுழைவுச்சீட்டு வசூலே ஆட்டக்காரர் கூலியைத் தாங்கும். சுரங்க ஊர்களில் தாங்காது. 1906இல் பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகளையும் கூலி கொடுக்க வல்ல மற்ற கிளப்களையும் கொண்டு நார்த் ஈஸ்டர்ன் லீக் பிறந்தது. எஞ்சியவர்களோடு நார்தர்ன் லீக் முழு அமெச்சூர் லீக்காக மாறியது. இதில் கொள்கைப் பற்றைத் தேட எனக்குத் தயக்கம். கூலி கொடுக்க முடிந்தவர்கள் ஒரு பக்கம், முடியாதவர்கள் மறுபக்கம் என்று நடந்த பாகப்பிரிவினையாகவே இதைக் கொள்ளலாம்.

கொள்கையாக அமெச்சூர் தன்மையைப் பேசியவர்கள் தெற்கில் இருந்தார்கள். உயர்குடிப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் அவர்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது அவர்களுக்கு இழுக்கு. அதே வகுப்பினரின் கால்தடம் டர்ஹாமிலும் உண்டு. பிஷப் ஆக்லாந்து கிளப்பின் வேர், ஆக்லாந்து கோட்டையில் இறையியல் படிக்க ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த மாணவர்களிடம் இருக்கிறது. அவ்விரு பல்கலைக்கழகங்களின் கருநீலமும் வெளிர்நீலமும் சேர்ந்ததே கிளப்பின் சீருடை. ஆனால் அந்தச் சட்டையைப் பிறகு அணிந்தவர்களுக்கும் அவர்களோடு மோதியவர்களுக்கும் சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஒரு ஷிப்டுக் கூலி போயிற்று என்று பொருள். 1907இல் பல தெற்கத்திய கிளப்கள் எஃப்.ஏ.வோடு முரண்பட்டுத் தனிச் சங்கம் கண்டன, 1914இல்தான் திரும்பின. அந்த இடைவெளியின் கடைசி மூன்று ஆண்டுகளில் அமெச்சூர் கோப்பை தொடர்ந்து வடகிழக்குக்கே வந்தது: 1912இல் ஸ்டாக்டன், 1913இல் சவுத் பேங்க், 1914இல் பிஷப் ஆக்லாந்து.

இதே காலத்தில்தான் வெஸ்ட் ஆக்லாந்து என்ற சின்னஞ்சிறு சுரங்க ஊர் இத்தாலி போய் வந்தது. 1909இல் டூரின் நகரில் சர் தாமஸ் லிப்டன் தம் பெயரில் ஒரு கோப்பைப் போட்டியை நடத்த ஆதரவளித்தார். இங்கிலாந்தின் எஃப்.ஏ. அணி அனுப்ப மறுத்ததால், அந்த இடத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் இந்த அணி இறங்கியது. ஸ்டுட்கார்ட் அணியையும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரையும் 2–0 என வென்று கோப்பையோடு ஊர் திரும்பியது. 1911இல் மறுபடி போய், இறுதியாட்டத்தில் யுவென்டஸை 6–1 என்று தோற்கடித்தது. இரண்டாம் பயணம் கிளப்பைக் கடனில் தள்ளியது. ஊரின் வீட்ஷீஃப் விடுதி நடத்திய பெண்மணியிடம் 40 பவுண்டுக்குக் கோப்பையை ஈடு வைத்தார்கள். அது மீட்கப்பட்டது 1960இல், 100 பவுண்ட் கொடுத்து. 1994இல் திருடுபோனது; இன்றுவரை கிடைக்கவில்லை. (லிப்டன் செல்வத்தின் பெரும்பங்கு தேயிலையிலிருந்து வந்தது. இலங்கையில் ஹப்புத்தளை அருகே தம்பேதன்னை உள்ளிட்ட அவருடைய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். சுரங்கத் தொழிலாளி வென்ற கோப்பைக்கு அவர்கள் உழைப்பும் ஒரு மூலதனம்.)

கூலி கிடையாது என்பது ஏட்டில் இருந்த விதி. பயணச்செலவு, சாப்பாட்டுச்செலவு என்ற கணக்கில் பணம் கைமாறுவது ஊரறிந்த சங்கதி. ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது பூட்ஸுக்குள் காசு இருக்கும் என்பார்கள். 1928இல் குரூக் டவுன் கிளப் இதற்காக டர்ஹாம் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் தண்டனைக்கு உள்ளானது. நாங்கள் மட்டுமா செய்தோம் என்று அது மற்ற கிளப்களையும் இழுத்துவிட, விசாரணை விரிந்து 341 ஆட்டக்காரர்கள் தடைக்கு உள்ளானார்கள். 1926இன் நீண்ட சுரங்கக் கதவடைப்பு முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அந்தப் பட்டினிக் காலத்தை ஒதுக்கிவிட்டு இந்த விவகாரத்தை வெறும் ஒழுக்கக் கேடாக விவரிப்பது அரைகுறை வரலாறு.

லீக்கின் பொற்காலம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்தது. 1950 அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தில் வில்லிங்டன் வெம்ப்ளியில் பிஷப் ஆக்லாந்தை 4–0 என வீழ்த்தியது. 1954இல் குரூக் டவுனும் பிஷப் ஆக்லாந்தும் மோதிய இறுதியாட்டத்தைக் காண வெம்ப்ளியில் 1,00,000 பேர் கூடினார்கள். சில மைல் தொலைவிலுள்ள இரண்டு ஊர்கள் தங்களுக்குள் ஆடத் தலைநகர் வரை போயின. அங்கே 2–2, நியூகாசிலில் மறு ஆட்டத்திலும் 2–2, மிடில்ஸ்பரோவில் மூன்றாம் ஆட்டத்தில்தான் குரூக் 1–0 என வென்றது. அடுத்த மூன்று ஆண்டும் கோப்பை பிஷப் ஆக்லாந்துக்கே. 1954 முதல் 1964 வரை பதினோரு கோப்பைகளில் ஏழு இந்த இரு கிளப்களிடம் வந்தன.

இதற்குக் காரணமாக ஊர்ப்பற்றையும் சுரங்கத் தொழிலாளரின் உடலுரத்தையும் சொல்வார்கள். நான் முன்வைக்க விரும்புவது வேறொன்று. அன்று தொழில்முறை ஆட்டக்காரரின் கூலிக்கு உச்சவரம்பு இருந்தது. அது நீக்கப்பட்ட 1961இலும் வாரம் 20 பவுண்ட்தான். ஆசிரியர் வேலையோ சொந்தத் தொழிலோ உள்ள ஒருவர் சம்பளத்தோடு பூட்ஸுக் காசையும் சேர்த்தால், தொழில்முறைக்குப் போவது அவருக்குப் பெரிய லாபமில்லை. பிஷப் ஆக்லாந்து அணியில் ஆசிரியர்கள் மிகுந்திருந்தது தற்செயல் அல்ல. ஷேமஸ் ஓ'கானல் அமெச்சூராகவே செல்சீக்கு ஆடி, 1955இல் செல்சீயோடு முதல் டிவிஷன் பட்டத்தையும் பிஷப்போடு அமெச்சூர் கோப்பையையும் கண்டவர். பிறகு குடும்பத்தின் கால்நடை வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டார். 1958 மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி சிதைந்தபோது, உதவிக்குப் போன பிஷப் ஆக்லாந்துக்காரர் மூவர்: பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லெவின், வாரன் பிராட்லி. இவர்களுள் பிராட்லி 1959இல் இங்கிலாந்துக்கே ஆடினார். ஆசிரியர் வேலையை மட்டும் விடவில்லை.

உச்சவரம்பு போனதும் கணக்கு மாறியது. குரூக்குடன் 1962இல் கோப்பை வென்ற ஃபிராங்க் கிளார்க் நியூகாசிலுக்குப் போனார். 1979இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோடு ஐரோப்பியக் கோப்பையையே வென்றார். அப்படிப் போகத் தயங்குவதற்கு முன்பிருந்த காரணம் இப்போது இல்லை. 1964க்குப் பின் அமெச்சூர் கோப்பை ஒரே ஒரு முறைதான், 1969இல் நார்த் ஷீல்ட்ஸ் வழியாக, இந்த லீக்குக்கு வந்தது. சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. டர்ஹாம் மாவட்ட நிர்வாகம் 1951இல் போட்ட திட்டத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களை ‘டி’ வகையில் சேர்த்து, அங்கே இனி முதலீடு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது. ஆகவே 1974இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டை எஃப்.ஏ. ஒழித்ததும் அமெச்சூர் கோப்பை நின்றதுமே வீழ்ச்சிக்குக் காரணம் என்ற வாதம் நிற்காது. சரிவுக்கு அதற்குள் பத்தாண்டு வயதாகியிருந்தது.

லீக் தன் கையாலேயே செய்துகொண்ட தீங்கும் உண்டு. 1978இல்கூட அதன் மதிப்பு உயரத்தில் இருந்தது. அந்தப் பருவத்தில் பிளைத் ஸ்பார்டன்ஸ் எஃப்.ஏ. கோப்பையில் ஸ்டோக் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் 3–2 என வென்று ஐந்தாம் சுற்றுக்கு ஏறியது. அங்கே ரெக்சமுக்கு எதிராகக் கடைசி நிமிடம் வரை 1–0 முன்னிலை. உறைந்த தரையில் நட்டிருந்த கார்னர் கொடி சாய்ந்துவிட்டதென நடுவர் கார்னரை மறுபடி அடிக்கச் சொல்ல, அதில் ரெக்சம் சமன் செய்தது. செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் நடந்த மறு ஆட்டத்துக்கு 42,167 பேர் வந்தார்கள். பிளைத் 2–1 எனத் தோற்றது. மறு ஆண்டு, லீக்குகளைப் படிநிலையாக அடுக்கும் புதிய அமைப்பில் சேர அழைப்பு வந்தபோது நார்தர்ன் லீக் மறுத்துவிட்டது. பழம்பெருமை ஒரு காரணம்; வடக்கின் மற்றொரு லீக்கான நார்தர்ன் பிரீமியர் லீக்குக்குக் கீழே நிற்க மனமில்லாதது இன்னொன்று. விளைவு, மேலே போக விரும்பிய கிளப்கள் லீக்கை விட்டே போயின. 19 முறை பட்டம் வென்ற பிஷப் ஆக்லாந்தும் போயிற்று. 1991இல் லீக் படிநிலைக்குள் வந்தபோது, முன்பு கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கும் கீழான இடமே வாய்த்தது.

படிநிலைக்குள் வந்த பிறகும் பட்டம் வென்ற கிளப்கள் சில பதவி உயர்வை வேண்டாம் என்றன. வேலைநாள் இரவில் பென்னைன் மலைத்தொடரைக் கடந்து லங்காஷயர் போய் ஆடித் திரும்பும் செலவு, கூலி வாங்காத காலத்து ஷிப்டுக் கணக்கைவிடக் கடுமையாக இருந்தது. அப்படி மேலே போகாமல் திறமை கீழேயே தங்கியதால், சிறிய கிளப்களுக்கான எஃப்.ஏ. வேஸ் கோப்பையை 2009 முதல் 2013 வரை ஐந்து ஆண்டும் இந்த லீக்கே வைத்திருந்தது: விட்லி பே மூன்று முறை, பிறகு டன்ஸ்டன், பிறகு ஸ்பென்னிமூர். 2012 இறுதியில் டன்ஸ்டனிடம் 2–0 எனத் தோற்ற அணி வெஸ்ட் ஆக்லாந்து.